நன்மதிப்பு உள்ளவர்களை நீக்கவும்

அன்பும் அறிவும் நிறைந்த, பொறுமையும் இன்னும் கொஞ்சமாவது மிச்சமிருக்கும் என்று நான் நம்புகிற மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கு நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் அங்கே நலமாக இருந்ததைக் கெடுத்தவனே நான் என்பதால் கேட்க வாய் வரவில்லை. ஆகவே அந்த ஒரு வரியை மட்டும் கேட்டதாக வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

உங்கள் கையேட்டை வைத்து முதல் வகுப்பு நடந்து இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. இந்த இருபத்திரண்டு நாளில் உங்களுக்கு ஒன்பது முறை போன் செய்தேன். ஒன்பது முறையும் எங்கள் மகள் பாப்பாதான் எடுத்தாள். "அவர் வேலையா இருக்கார்ப்பா" என்றாள். பத்தாவது முறை எண்களை அழுத்தப் போனபோது அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டு, "பேச இஷ்டம் இருந்தா அவரே பேச மாட்டாரா? ஏன் நச்சரிச்சுக்கிட்டே இருக்கீங்க?" என்றாள். நியாயம்தான். அதனால்தான் இந்தக் கடிதம். கடிதத்தில் ஒரு வசதி உண்டு. கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, ஆறிய பிறகு விட்ட இடத்திலிருந்து படிக்கலாம். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இரண்டு வருஷம் விடுமுறை நாளெல்லாம் உட்கார்ந்து நீங்கள் எழுதிய புத்தகத்தை ஒரே வாரத்தில் நாசம் செய்த என்னை, இனிமேல் நீங்கள் மாமா என்று கூப்பிடுவீர்களா, மாட்டீர்களா?

நடந்ததை ஆதியோடு அந்தமாகச் சொல்லிவிடுகிறேன். பாதி உங்களுக்குத் தெரியும். மீதிப் பாதி தெரிந்தால் இன்னும் கோபம் வரும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அன்று உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தக் காகிதக் கட்டு கிடந்தது. தகவல்களைக் கட்டம் கட்டமாகப் போட்டு வைக்கிற தரவுத்தளத்திடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது எப்படி என்று, கணினியைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் புரியும்படி, மேலே ஒரு சிக்கல், அதற்குக் கீழே அதைத் தீர்க்கும் கட்டளை, அதற்கும் கீழே விளக்கம் என்று நூற்று எண்பத்தாறு பக்கம். நீங்கள் கை கழுவிக்கொண்டே, "யாராவது ஒரு தடவ பிழை பார்த்துக் குடுத்தா நல்லாருக்கும்" என்றீர்கள். யாராவது என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருள் இருந்தாலும், அந்த மேசையில் அதற்குப் பொருள் 'மாமாவைத் தவிர யாராவது' என்பது இப்போது புரிகிறது. அன்று எனக்கு அது என்னையே கூப்பிட்டதாகக் காதில் விழுந்தது. "முப்பத்தோரு வருஷமா அச்சகத்துல பிழை திருத்தறவன் வீட்டுக்குள்ளயே இருக்கேன், வெளிய எதுக்கு ஆள் தேடறீங்க மாப்பிள்ள? என் பென்சிலுக்குத் தப்பின தப்பு கிடையாது" என்று மார் தட்டினேன். அத்தை தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "உங்க பென்சிலுக்குத் தப்பின சரியும் கிடையாது" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அதுதான் கொடுமை. பாப்பா மட்டும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்து விடுப்புக் கடிதத்தை நான் நாலு தடவை திருத்தி எழுத வைத்து, அதற்குள் காய்ச்சலே விட்டுப்போனது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

மறுநாள் கட்டை அச்சகத்துக்கு எடுத்துப் போனேன். எங்கள் அச்சகத்தில் பக்கம் அமைக்கிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், ஜன்னலோரம் கணினியில் உட்கார்ந்திருப்பாள், காதில் எப்போதும் பாட்டு மாட்டியிருக்கும். என் பென்சில் முதல் பக்கத்தில் இறங்குவதைப் பார்த்ததும் பாட்டைக் கழற்றிவிட்டு, "சார், கட்டளை வர்ற இடத்துல மட்டும் கை வைக்காதீங்க. அது மெஷினுக்கு எழுதினது" என்றாள். "மெஷினா இருந்தா என்னம்மா, அதுகிட்ட மட்டும் தப்பாப் பேசலாமா?" என்று கேட்டேன். அவள் திரும்பப் பாட்டை மாட்டிக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். விநாச காலே விபரீத புத்தி என்கிற வசனத்தை நானே எத்தனையோ கட்டுரைகளில் எழுத்துப் பிழை பார்த்திருக்கிறேன், பொருள்தான் ஏறவில்லை.

முதலில் கண்ணில் பட்டது அரைப்புள்ளி. நீங்கள் ஒவ்வொரு கட்டளையின் கடைசியிலும் அரைப்புள்ளி வைத்திருந்தீர்கள். வாக்கியம் முடிகிற இடத்தில் அரைப்புள்ளி வைப்பவன் இன்னும் ஏதோ சொல்ல நினைத்துக் கூச்சத்தில் நிறுத்திவிட்டான் என்று அர்த்தம். மாப்பிள்ளைக்கு எங்கள் வீட்டிலும் இந்தக் கூச்சம் உண்டு, கேட்டு வாங்கிச் சாப்பிட மாட்டார், அதுதான் எழுத்திலும் வருகிறது என்று நினைத்து, முந்நூற்று நாற்பது இடத்தில் முற்றுப்புள்ளியாக மாற்றினேன். அடுத்தது மேற்கோள் குறிகள். எல்லாம் ஆணி அடித்ததுபோல நேராக நின்றன. நூற்று இருபத்தெட்டையும் அழகாக வளைத்துவிட்டேன். அப்புறம் வருகை என்று ஒரு சொல், பதிவு என்று ஒரு சொல், நடுவில் அடியில் ஒரு சின்னக் கோடு. தகவல் அட்டவணைக்கு அதுதான் பெயர் என்று எனக்கு எப்படித் தெரியும்? கோடிட்ட இடத்தை நிரப்புக என்று நீங்கள் எனக்காகவே விட்டுவைத்ததாக நினைத்தேன். வருகை, பதிவு, நடுவில் வர வேண்டியது என்ன? ப். போட்டு நிரப்பினேன். வருகைப்பதிவு. அந்த மாதிரி நாற்பத்தாறு இடம். ஒவ்வொரு இடத்திலும் ஒற்று மிகும்போது எனக்கு உடம்பில் ஒரு தெம்பும் மிகுந்தது.

நட்சத்திரத்தைச் சொல்லாமல் விட முடியாது. 'செலக்ட்' என்று போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அதற்கப்புறம்தான் மற்றதை எழுதியிருந்தீர்கள். எங்கள் தொழிலில் நட்சத்திரம் போட்டால் கீழே அடிக்குறிப்பு இருக்க வேண்டும். பக்கத்தின் அடியைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அடுத்த பக்கம் பார்த்தேன், அங்கேயும் நட்சத்திரம், அங்கேயும் அடியில் வெறும் காகிதம். ஐம்பத்தேழு நட்சத்திரம், ஒன்றுக்கும் குறிப்பு இல்லை. பாவம், வேலை அவசரத்தில் மறந்துவிட்டார் என்று முடிவு செய்தேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஐம்பத்தேழு பக்கத்தின் அடியிலும் நானே எழுதினேன்: "மேலும் விவரங்களுக்கு நூலாசிரியரை அணுகவும்."

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, மாப்பிள்ளை. நான் செய்ததில் மகத்தான காரியம் வேறு. உங்கள் விளக்கப் பகுதியில் அடிக்கடி 'நல் மதிப்பு', 'நல் மதிப்பு' என்று வந்தது. ஒரு கட்டத்தில் என்ன இருக்கிறதென்றே தெரியாவிட்டால் அதைக் குறிக்கத் தரவுத்தளக்காரர்கள் வைத்திருக்கும் ஆங்கிலச் சொல்தான் அந்த 'நல்', நீங்கள் ஒலிக்கு ஒலி தமிழில் எழுதியிருக்கிறீர்கள் என்பதெல்லாம் இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்தது இலக்கணம் ஒன்றுதான். நல் என்பதோடு மதிப்பு சேர்ந்தால் லகரம் னகரமாகத் திரியும். நன்மதிப்பு. பள்ளிக்கூடத்துப் பாடம்! ஒரு பயிற்சி ஆசிரியருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று மனதுக்குள் செல்லமாகக் கடிந்துகொண்டு, நாற்பத்தோரு இடத்தில் சேர்த்து எழுதினேன். திருத்திய பிறகு அந்த அத்தியாயத்தை ஒரு தடவை முழுக்கப் படித்தேன். "நன்மதிப்பு என்பது பூச்சியமும் அல்ல, வெறுமையும் அல்ல, இருக்கிறதா என்றே தெரியாத நிலை." "ஒருவருடைய நன்மதிப்பு இன்னொருவருடைய நன்மதிப்புக்கு ஒருபோதும் சமமாகாது." "நன்மதிப்போடு எதைக் கூட்டினாலும் நன்மதிப்பே மிஞ்சும்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். "நம்ம மாப்பிள்ள கம்ப்யூட்டர் வாத்தியார்னு நினைச்சோமே, எப்பேர்ப்பட்ட ஞானி பாரு" என்றேன். அத்தை, "நல்லாத்தான் இருக்கு. ஆனா கம்ப்யூட்டர் எங்க வருது?" என்று கேட்டாள். முப்பத்தோரு வருஷ அனுபவத்துக்கு எட்டாத கேள்வி, கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளுக்கு எட்டியது. "உனக்குப் புரியாது, போ" என்றேன்.

கடைசிப் படியை உங்களுக்குக் காட்டாமல் நேரே அச்சுக்கு அனுப்பியதும் நான்தான். "ஒரு பார்வ பாத்துடறேன் மாமா" என்று நீங்கள் கேட்டீர்கள். "நான் பார்த்தாச்சு, அப்புறம் நீங்க வேற எதுக்கு?" என்று சொன்னேன். மரியாதைக்காக நீங்கள் மேலே பேசவில்லை. நீங்கள் மரியாதை கொடுத்தீர்கள், நான் அதை வைத்துக் காரியத்தைக் கெடுத்தேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். பிழை திருத்தினவனைப் பற்றிப் பழமொழி ஒன்றும் இல்லை; என்னைப் பார்ப்பதற்கு முன்னால் அதைச் செய்துவிட்டார்கள் போலிருக்கிறது.

முதல் வகுப்புக்கு என்னையும் கூப்பிட்டுக் கடைசி வரிசையில் நாற்காலி போட்டீர்கள். இருபத்துநாலு பேர், ஆளுக்கொரு கணினி, ஆளுக்கொரு புத்தகம். மருந்துக்கடைக்காரர் ஒருவர், கிடங்குக் காப்பாளர் ஒருவர், பல் மருத்துவமனையில் முன்பதிவு எழுதும் பெண், ஓய்வு பெற்ற நடத்துநர். நீங்கள் முதல் கட்டளையை அடிக்கச் சொன்னீர்கள். புத்தகத்தில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் அடித்தார்கள். இருபத்துநாலு திரையிலும் ஒரே சமயத்தில் சிவப்பு எழுத்து வந்தது. முற்றுப்புள்ளி தப்பு என்றது. அதை எடுத்தால் வளைந்த மேற்கோள் தப்பு என்றது. அதை நிமிர்த்தினால் வருகைப்பதிவு என்று ஒன்று இங்கே இல்லவே இல்லை என்றது. நடத்துநர் எழுந்து, "சார், மேலும் விவரங்களுக்கு நூலாசிரியரை அணுகவும்னு போட்ருக்கு. அணுகலாமா?" என்று கேட்டார். மனுஷன் கேலியே செய்யவில்லை, உண்மையாகத்தான் கேட்டார். உடனே மற்றவர்களும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உங்களைச் சுற்றி வரிசையில் நின்றுவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தானா பயிற்சி நிலையத் தலைவி உள்ளே வர வேண்டும்! ஒரு பிரதியை எடுத்து நடுவில் பிரித்தார். "பட்டியலை மேலதிகாரிக்கு அனுப்புமுன் நன்மதிப்பு உள்ளவர்களை நீக்கவும்" என்று சத்தமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அடுத்த வரியையும் படித்தார். "நீக்காவிட்டாலும் அவர்கள் சராசரியில் சேரமாட்டார்கள் என்பதை நினைவில் கொள்க." படித்துவிட்டு, "இது என்ன சார், நம்ம நிலையத்தப் பத்தியா எழுதியிருக்கீங்க?" என்று உங்களைக் கேட்டார். வகுப்பே சிரித்தது. "யார் பிழை பார்த்தது?" என்று கேட்டார். நீங்கள் நிமிர்ந்து கடைசி வரிசையைப் பார்த்தீர்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நான்தான் மேடம் சரியாக் கவனிக்கல" என்றீர்கள்.

மாப்பிள்ளை, நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். அத்தனை பேருக்கு முன்னால் கைகாட்டியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னீர்கள் பாருங்கள், அதில் நான் திருத்துவதற்கு ஒரு எழுத்துகூட இல்லை. அன்று முதல் சாப்பிட உட்கார்ந்தால் அதுதான் காதில் கேட்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை வேறு எப்படியும் சுற்றி வளைத்து எழுதத் தெரியவில்லை.

வெட்கப்பட்டவன் சும்மா இருந்தானா என்றால், அதுவும் இல்லை. உங்களைக் கேட்காமலே பிழைதிருத்தச் சீட்டு ஒன்று அச்சடித்து நிலையத்துக்கு அனுப்பினேன். "முற்றுப்புள்ளி வரும் இடமெல்லாம் அரைப்புள்ளி என வாசிக்கவும், நட்சத்திரத்தையும் அடிக்குறிப்பையும் பொருட்படுத்த வேண்டாம்." கிடங்குக் காப்பாளர் சொல் தட்டாத மனிதர். முன்னுரையிலிருந்து ஆரம்பித்து எல்லா முற்றுப்புள்ளியையும் அரைப்புள்ளியாக்கி, மூன்று புள்ளி ஐந்து கிலோ என்று இருந்த இடத்தில் மூன்று அரைப்புள்ளி ஐந்து கிலோ ஆக்கி, எல்லா நட்சத்திரத்தையும் மை தடவி அழித்துவிட்டாராம். 'எல்லாவற்றையும் எடு' என்று மெஷினுக்குச் சொல்வதே அந்த நட்சத்திரம்தான், அது போனால் கட்டளை என்னத்தை எடுத்துக் கொடுக்கும்? பாப்பாதான் போனில் சொன்னாள். "அப்பா, தயவுசெஞ்சு நீ உதவி மட்டும் பண்ணாத" என்றாள்.

அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். தெரியாத மொழியில் பிழை திருத்தியதுதான் குற்றம் என்றால், அந்த மொழியைத் தெரிந்துகொள்வதுதான் பரிகாரம். பக்கம் அமைக்கிற பெண்ணிடம் போய், "எனக்கு அதக் கத்துக் குடும்மா" என்றேன். அவள் காதிலிருந்து பாட்டைக் கழற்றி, என்னை ஏற இறங்கப் பார்த்து, "எந்தப் புத்தகத்த வச்சு சார் படிக்கப் போறீங்க?" என்று கேட்டாள். வேறு எந்தப் புத்தகம்? தமிழில் இவ்வளவு தெளிவாக எழுதிய வழிகாட்டி என் கைக்கு எட்டிய வரையில் அது ஒன்றுதான். நான் நாசமாக்கிய அதே புத்தகம். தன் வினை தன்னைச் சுடும் என்பதை இவ்வளவு வரிசையாக, பக்க எண்ணோடு, யாரும் அனுபவித்திருக்க மாட்டார்கள்.

தினம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அச்சகத்தின் பழைய கணினி முன்னால் உட்கார்ந்தேன். பக்கம் ஒன்பதில் உள்ளதை அடித்தேன். ஆங்கிலத்தில் ஏதோ சிவப்பாக வந்தது. "என்னம்மா சொல்லுது?" என்றேன். "வாக்கியப் பிழைன்னு சொல்லுது சார்" என்றாள். முப்பத்தோரு வருஷமாக ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வாக்கியப் பிழை சொன்ன எனக்கு ஒரு மெஷின் வாக்கியப் பிழை சொன்னது. முதல் நாள் கோபம் வந்தது. இரண்டாம் நாள், என்ன பிழை என்று அது சரியாகச் சொல்லவில்லையே, நான் எழுதுகிற மாதிரி ஓரத்தில் ஒரு குறிப்பாவது எழுதக்கூடாதா என்று வருத்தம் வந்தது. மூன்றாம் நாள் முற்றுப்புள்ளியை எடுத்து அரைப்புள்ளி போட்டு, மேற்கோளை நிமிர்த்தி, ப் என்ற எழுத்தை என் கையாலேயே அழித்து, அந்தச் சின்னக் கோட்டைத் திரும்பப் போட்டேன். ஒற்றை எடுக்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டேன், சத்தியமாகச் சொல்கிறேன். பொத்தானைத் தட்டினேன். பதில் வந்துவிட்டது! ஏழு வரி! நான் கேட்டேன், அது பதில் சொன்னது! "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று கத்திவிட்டேன். பக்கம் அமைக்கிற பெண், "மெதுவா சார், முதலாளி தூங்கறார்" என்றாள். முதலாளி எழுந்து வந்து, ஏழு வரியைப் பார்த்துவிட்டு, "இதுக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் என்னை நிறுத்த முடியவில்லை. சொந்தமாக ஒரு அட்டவணை செய்து பழகுங்கள் என்று பக்கம் முப்பதில் எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? என்னிடம் இருந்த ஒரே சொத்தை அட்டவணை ஆக்கினேன். 'பிழைகள்' என்று அதற்குப் பெயர். எந்தப் பக்கம், என்ன இருந்தது, நான் அதை என்னவாக ஆக்கினேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். வகை பிரித்து எண்ணச் சொன்னேன், எண்ணியது. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. கடைசியாக ஒரு கட்டம் சேர்த்தேன். 'ஏன் மாப்பிள்ளையிடம் கேட்கவில்லை?' ஒவ்வொரு பிழைக்கும் ஒரு காரணம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரிக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் வரிக்கும் தோன்றவில்லை. காரணம் எழுதிய வரிகளைக் காட்டு என்று கேட்டேன், ஒன்றுமே வரவில்லை. அந்தக் கட்டத்தில் 'நல்' இருக்கும் வரிகளைக் காட்டு என்று, நீங்கள் சொல்லிக் கொடுத்த முறைப்படியே கேட்டேன். அறுநூற்றுப் பன்னிரண்டும் வரிசையாக இறங்கி வந்தன. பூச்சியமும் அல்ல, வெறுமையும் அல்ல என்று நீங்கள் எழுதியது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தெரியாது என்று ஒருவரிடம் சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை, மாப்பிள்ளை. அதிலும் மகளைக் கட்டிக்கொண்டவரிடம் சொல்வதாவது! அவ்வளவுதான் காரணம். அதை அந்தக் கட்டத்தில் எழுத இடம் இருந்தது, மனம்தான் இல்லை.

மூன்று நாள் முன்னால் நேரே உங்கள் நிலையத்துக்குப் போய்த் தலைவியைப் பார்த்தேன். உங்களிடம் சொல்லவில்லை; சொன்னால் தடுத்திருப்பீர்கள். "அந்தப் புத்தகத்தக் கெடுத்தது நான்தாங்க, அவர் இல்ல" என்றேன். "அப்புறம் ஏன் அவர் தன் பேர்ல போட்டுக்கிட்டார்?" என்று கேட்டார். "நான் அவருக்கு மாமனாருங்க" என்றேன். அவர் மேசையில் இருந்த பேனாக்களை அடுக்கினார். "அடுத்த மாணவர் குழு வர்றதுக்குள்ள ஒழுங்கான பிரதி வந்தா இந்தப் புத்தகமே இருக்கட்டும். இல்லன்னா வேற பார்த்துக்குவோம். ஆனா ஒண்ணு, உங்க கை மட்டும் அதுல படக்கூடாது" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆகவே, இத்துடன் அறுநூற்றுப் பன்னிரண்டு பிழைகளின் பட்டியலைப் பக்க வரிசைப்படி இணைத்திருக்கிறேன். இதை வைத்து நீங்களே திருத்திக்கொள்ளுங்கள், அல்லது நல்லவர் யாரிடமாவது கொடுங்கள். என் பென்சில், சீவும் கருவி, அழிப்பான் மூன்றையும் ஒரு டப்பாவில் போட்டு, பீரோவின் மேல்தட்டில் என் கைக்கு எட்டாத இடத்தில் அத்தையை வைக்கச் சொல்லிவிட்டேன். அச்சகத்திலும் இனிமேல் அழைப்பிதழும் நாட்காட்டியும் மட்டும்தான் பார்ப்பேன். உங்கள் எழுத்தில் ஒரு புள்ளியைக்கூட இனித் தொடமாட்டேன், இது உறுதி. பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை அனுப்பும்போது, வாசல் வரைக்கும் வந்துவிட்டுப் போங்கள். அதுவே போதும்.

பாப்பாவுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் ஆசி சொல்லும் வயதும் உறவும் எனக்கு உண்டு, தகுதி வந்த பிறகு சேர்த்துச் சொல்கிறேன். அத்தை தன் அன்பைத் தனியாகச் சொல்லிக்கொள்கிறாளாம். என் கடிதத்தில் சேர்த்தால் திருத்திவிடுவேன் என்று பயப்படுகிறாள்.

இப்படிக்கு,
எழுதுகோலை மட்டும் வைத்துக்கொண்டு பென்சிலைத் துறந்த,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் கூரியர்காரர் ஒரு பெரிய கட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் கையெழுத்து. உள்ளே இரண்டாம் பதிப்பின் நூற்று எண்பத்தாறு பக்கமும், மேலே ஒரு துண்டுச் சீட்டும். "மாமா, கட்டளையெல்லாம் என் பழைய பிரதியிலேர்ந்தே எடுத்துப் போட்டுட்டேன். சிவப்புப் பெட்டிக்கு உள்ள இருக்கறது மெஷினுக்கு. வெளிய இருக்கறது மனுஷங்களுக்கு. அத உங்கள விட்டா யார் பார்ப்பா? வேலிக்கு வெளிய மட்டும் மேயுங்க. மேடம்கிட்ட காலைல நானே பேசிட்டேன். கோபமெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா, கோடு போட்டு முடிக்கத்தான் இத்தன நாள் ஆச்சு." பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒவ்வொரு கட்டளையைச் சுற்றியும் அளவுகோல் வைத்து, கையாலேயே சிவப்புக் கோடு. இருநூற்றுத் தொண்ணூற்று நாலு பெட்டி, எண்ணிவிட்டேன். உட்கார்ந்து அழுதேன். அத்தை வந்து பார்த்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆகையால் மேலே எழுதியிருப்பதில் பென்சிலைப் பற்றி வருவதையெல்லாம் இல்லையென்று பாவித்துக்கொள்ளவும். பிழைப் பட்டியலையும் கிழித்துப் போடலாம். இதை அச்சகத்திலிருந்து எழுதுகிறேன். வெளியே மேய்ந்து அறுபத்தோராம் பக்கம் வந்துவிட்டேன். அங்கே ஒன்று. அறுபதாம் பக்கத்துப் பெட்டியில் அட்டவணையின் பெயர் மாணவர்_விவரங்கள். அறுபத்தொன்றின் பெட்டியில் அதுவே மாணவர்_விவரம் என்று இருக்கிறது. மெஷினில் போட்டுப் பார்த்தேன், ஓடவில்லை. 'விவரங்கள்' என்று மாற்றிப் போட்டேன், ஓடியது. பென்சிலை உள்ளே கொண்டுபோகவில்லை. நீங்களே திருத்திக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை.